மொட்டைத் தாள்

கட்டில், அலமாரி, புத்தகத் தட்டு என்று எல்லாவற்றையும் பலகை பலகையாகப் பெட்டியில் அடைத்து விற்கிற கம்பெனி ஒன்று இருந்தது. வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே பொருத்திக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறந்தால் மேலாக ஒரு தாள் கிடக்கும். எந்தப் பலகை முதலில், எந்தத் திருகு எந்த ஓட்டைக்கு என்று அதில் படத்தோடு எழுதியிருக்கும். அந்தத் தாளை எழுதுகிறவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கம்பெனியில் அவளுக்குத் தாள்காரி என்று பேர். அது மெல்ல வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சோறு போடுகிற பேர், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

தாள் எழுதுகிற அறையில் இரண்டு வசவுகள் உண்டு. நீட்டி முழக்கி எழுதிவிட்டால் 'கதை' என்பார்கள். நமக்கெல்லாம் அது வசவே இல்லை, ஆனால் கையில் திருகாணியை வைத்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்திருப்பவனுக்குக் கதை ஆகாது. இன்னொரு வசவு 'மொட்டை'. அதுதான் பொல்லாதது.

மொட்டை என்றால் சின்னது என்று அர்த்தமில்லை, செல்லங்களே. 'தீயைத் தொடாதே' என்பதும் சின்னதுதான், அதில் என்ன குறை கண்டோம்? ஒரு மரத்தைச் சுலபமாக வரையச் சொன்னால் இலைகளைக் குறைக்கலாம், தப்பில்லை. கிளைகளையும் வெட்டித் தள்ளிவிட்டு, நெட்டுக்குத்தலாக ஒரு கோட்டை இழுத்து, 'இதோ மரம்' என்று கொடுத்தால் அது மொட்டை. படம் என்னவோ சுலபம்தான். குருவி எங்கே போய் உட்காரும்?

இதற்கு ஒரு பெரிய வார்த்தையும் வந்து சேர்ந்தது. முதலாளி எங்கேயோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, "இனிமே நாம மிகை எளிமைப்படுத்தலைத் தவிர்க்கணும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் அறையைவிட்டுப் போனதும், வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்கிற போன்காரர், "ரொம்ப எளிமையாக்கறதுக்கு வெச்ச பேரைப் பாருங்களேன். இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள கட்டிலையே மாட்டிடலாம்" என்றார். அதனால் அறைக்குள் மொட்டை மொட்டையாகவே இருந்துவிட்டது.

பெரிய வார்த்தையைப் பிடித்துக்கொண்டவர் தாள்காரியின் வீட்டுக்காரர். அவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். "சாப்பிட்ட தட்டு அங்கேயே கிடக்கு. உங்களுக்குச் சோம்பல்" என்று அவள் சொன்னால், "மிகை எளிமைப்படுத்தல்!" என்று கையை உயர்த்துவார். தட்டு கிடந்ததற்குப் பின்னால் ஆழமான காரணங்கள் ஏதோ இருப்பது போல. சோம்பல்தான். எளிமையான விஷயம் எளிமையாகவே இருக்கிற இடமும் உலகத்தில் உண்டு. அங்கே போய் அந்த வார்த்தையை நீட்டுகிறவர் தப்பிக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

மொட்டையைக் கண்டுபிடிக்க அவள் ஓர் அடையாளம் வைத்திருந்தாள். பேச்சின் வாலில் பெரும்பாலும் 'அவ்வளவுதான்' என்று வரும். தாளில் பார்த்தவுடன் பிடித்துவிடுவாள். வாயில் வந்தால்தான் பிடிக்கத் தெரியவில்லை, அதுவும் தன் வாயில்.

அவளுடைய அப்பா, பஸ்ஸில் போகிற தூரத்தில் தனியாகக் குடியிருந்தார். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால் நடைமேடையில் அழுகிற பிள்ளைகூட வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள். அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மகளுக்கு வாரம் தவறாமல் அப்பா வீட்டுக்குப் போகிற வழக்கம். அப்படிப் போனபோது ஒருநாள், கத்தரிக்கோல் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே சாவிகள். எல்லாம் ஒரே சாவி, வாசல் கதவுக்கானது. ஒரு கை நிறைய அள்ளலாம் போல் கிடந்தன.

"என்னப்பா இது?"

"சாவிம்மா."

"தெரியுது. ஒரு கதவுக்கு இத்தனையா?"

"இருக்கட்டுமே, ஒரு பத்திரத்துக்கு."

தெருமுனைச் சாவிக்கடையில் அவரை அடிக்கடி பார்ப்பதாக எதிர்வீட்டுக்காரரும் சொல்லியிருந்தார். அவ்வளவு போதாதா? அவள் அன்று மாலையே வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு. சாவியைத் தொலைக்கறார், போய் வெட்டிக்கறார். அவ்வளவுதான்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பயத்தில் துடைத்ததுதான், பாவம்.

டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார், அப்பாவும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "இன்னிக்கு என்ன கிழமை, சொல்லுங்க பார்க்கலாம்?" என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, கிழமை, தேதி, டாக்டரைப் பார்க்க வெளியே காத்திருந்த நேரம், அதனால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம் என்று நடைமேடைக் குரலில் அறிவித்தார். வெளியே காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இவருக்கு மறதியெல்லாம் இல்லைம்மா. வேற ஏதோ இருக்கு, ஆனா அது என் துறை இல்லை" என்றார்.

அது என்னவென்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அப்பா மகள் வீட்டுக்கு வந்திருந்தார். சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்றபடி, சும்மா கேட்பது போல ஆரம்பித்தார்.

"உங்க கம்பெனில ரெண்டு பேர் படுக்கற கட்டில் என்னென்ன மாதிரி இருக்கும்மா?"

"அது எதுக்கு உங்களுக்கு? ஒத்த ஆளுக்குச் சின்னதே போதும்ப்பா."

"ஒத்த ஆளா இருக்கப் போறதில்லையே."

கூடத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குப் புரையேறியது. தாள்காரி அடுப்பை அணைத்தாள்.

"யாரு?"

"சாவிக்கடை அம்மா."

"அப்போ அந்தச் சாவியெல்லாம்..."

"முதல் சாவி நிஜமாவே தொலைஞ்சதும்மா. மத்ததெல்லாம் நானா போய் வெட்டிக்கிட்டது. சும்மா போய் எப்படி நிக்கறது?"

வீட்டுக்காரர் கூடத்திலிருந்தே, "மாமா, ஒரு பூட்டாவது வாங்கியிருக்கலாம்ல? சாவியா வாங்கி என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"பூட்டு அழுத்தமானது மாப்பிள்ளை. ஒண்ணு வாங்கினா பத்து வருஷம் கடைப்பக்கம் போக வேண்டியிருக்காது."

தாள்காரி சிரிக்கவில்லை. கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உனக்குச் சம்மதம்னாத்தான் வருவேன்னு அவ சொல்லிட்டா. பேருக்குச் சரின்னு சொல்றதெல்லாம் வேணாமாம், மனசோட சொல்லணுமாம். எனக்கும் அப்படித்தான். நீ வேணாம்னா வேணாம். சாவி வெட்டறதை மட்டும் நிறுத்த மாட்டேன்."

இப்படி விஷயம் முழுக்க அவள் கையில் வந்து விழுந்தது. அவள் சரி என்றால் அங்கே இரண்டு பேர் சேர்ந்து இருப்பார்கள். இல்லையென்றால் அவர் ஒரு வீட்டிலும் அந்தம்மா ஒரு கடையிலும், இடையில் ஒரு தெருவுமாக. அவளுக்குச் சரி என்று வரவில்லை. வேண்டாம் என்றும் வாய் எழவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மனுஷி என்ன செய்வாள்? அவளுக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். அப்பாவைச் சுருக்க ஆரம்பித்தாள்.

"தனியா சமைச்சுச் சாப்பிட அலுப்பா இருக்கு அப்பாவுக்கு. அவ்வளவுதான்" என்றாள். அலுவலகம் போகும் முன் கூடுதலாகச் சமைத்து அடுக்குக் கேரியரில் போட்டுக் கொடுத்தாள். அது வீட்டுக்காரரின் பஸ்ஸில், ஓட்டுநர் இருக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து போய், அப்பாவின் தெருமுனையில் இறங்கியது. சில நாள் கழித்து அப்பா போன் செய்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா, ரெண்டு பேருக்கும் தாராளமா காணுது. அவ மட்டும் உப்பு ஒரு கிள்ளு கூடன்னு சொல்றா. நான் ஒத்துக்கலை."

சரி, சாப்பாடு இல்லை. அப்படியானால் தனிமை. "பேச ஆள் இல்லை, அதான். அவ்வளவுதான்" என்று, பூங்காவில் காலையில் நடக்கிற பெரியவர்கள் கூட்டம் ஒன்றில் அவரைச் சேர்த்துவிட்டாள். அங்கேயும் போனார். குழந்தை மாதிரி சொன்னதையெல்லாம் கேட்டார், அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். "எப்படி இருக்குப்பா?" என்று கேட்டால், "அருமையான மனுஷங்க! ஒருத்தர் தேனீ வளர்க்கறார். இன்னொருத்தர் வாயைத் திறந்தா அவரோட முழங்கால் பத்தித்தான். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நேரா கடைக்குப் போய் அவகிட்ட சொல்றேன். முன்னெல்லாம் சொல்ல விஷயம் பத்தாது. இப்போ கொட்டிக் கிடக்கு" என்றார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா வீட்டுக் கூடத்தில் நின்றபடி, அம்மாவின் படத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்போ ஒண்ணுதான் இருக்கு. அம்மாவை மறந்துட்டீங்க. அவ்வளவுதான்."

 அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மொட்டை" என்றார்.

"என்ன?"

"உன் வார்த்தைதான், நீதான் சொல்லித் தந்தே. உங்கம்மாவை மறந்துட்டு நான் அவகிட்ட என்னத்தைப் பேசறது? பாதிப் பேச்சு உங்கம்மாதானே. அவளுக்கு உங்கம்மாவோட தும்மல்கூடத் தெரியும். நான் செஞ்சு காட்டியிருக்கேன்."

"எது சொன்னாலும் மொட்டைன்னா எப்படிப்பா? அப்போ முழுசா நீங்களே சொல்லுங்க."

சொல்லிப் பார்த்தார். அந்தம்மா சாவியை அராவும்போது சாவியிடம் பேசுவாளாம். பூட்டு திறக்கவில்லையென்றால் பூட்டைத் திட்டுவாளாம், திறந்ததும் மன்னிப்புக் கேட்பாளாம். அவரை 'மைக்கு' என்று கூப்பிடுவாளாம். அவர் சொல்கிற எதையும் எடுத்தவுடன் ஒத்துக்கொள்ளாமல், மூக்குக் கண்ணாடியை இறக்கி மேலாகப் பார்ப்பாளாம். அவளுக்குக் கோபம் வந்தால் தெருவின் மறுகோடி வரைக்கும் கேட்குமாம். அவள் புருஷன் போனபிறகு அந்தக் கடையை ஒருநாளும் பூட்டிப்போட்டதில்லையாம். மழையானால்... அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். ஊர் ஊராகப் பேர் சொல்லி வண்டியை அனுப்பியவர், வார்த்தை கிடைக்காமல் கையை விரித்தார்.

"இல்லம்மா, இப்படிச் சொன்னாலும் வரலை. எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

பேச்சின் வாலில் அதே சொல். பட்டென்று பிடித்துக்கொள்ள வாயைத் திறந்தாள். எதை விட்டுவிட்டார் என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. குட்டியான வாக்கியம்தான், ஆனால் ஒரு கிளைகூட வெட்டுப்படாமல் முழு மரமாக நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் உம்மென்று இருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அத்தை இருந்த இடத்துல இன்னொருத்தங்க வர்றாங்கன்னு உனக்குப் பொறாமை. அவ்வளவுதான்."

கையிலிருந்த துண்டை அவர் மேல் வீசினாள். "அவ்வளவுதான்னு சொல்லாதீங்க! எனக்குப் பொறாமைன்னு யார் சொன்னா? இத்தனை நாளா அப்பா ஒருத்தங்ககூடச் சிரிச்சுப் பேசியிருக்கார், அது எனக்குத் தெரியவே இல்லைங்கறது இருக்கு. அம்மா இருந்தா இதைக் கேட்டுச் சிரிச்சிருப்பாங்களா அழுதிருப்பாங்களான்னு கேக்க முடியலைங்கறது இருக்கு. நாளைக்கு அப்பாவுக்கு முடியலைன்னா அவங்கதான் முதல்ல பார்ப்பாங்க, நான் ரெண்டாவதுதான்ங்கறது இருக்கு. அது ஒரு பக்கம் நிம்மதியாவும் இருக்கு, அது வேற! இத்தனையும் இருக்கு, நீங்க பாட்டுக்கு ஒரே வார்த்தையில..."

நடுவிலேயே நின்றுவிட்டாள். அவர் துண்டை எடுத்து மடித்து அடுக்கினார்.

"நானும் அதைத்தான் சொல்றேன்" என்றார். "ஒரே வார்த்தையில சுருக்கினா உனக்கு எப்படி வலிக்குது பாரு."

"வேணும்னேதான் சொன்னீங்களா?"

"இல்லை, நிஜமாவே பொறாமைன்னுதான் நினைச்சேன். நீ இப்படி விளக்குவேன்னு யாருக்குத் தெரியும்?" என்று ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷன், பொய் சொல்ல வராது. "இப்போதைக்குக் கட்டிலை வாங்கிக் கொடு. மாமாவோட பழசு ஒரு பக்கம் சாயுது. யார் படுக்கறதுங்கறதை அப்புறம் பார்க்கலாம்."

"கட்டில் மட்டும்தான்" என்றாள் அவள்.

கட்டில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளும் மாப்பிள்ளையும் போய், அப்பாவின் படுக்கையறையில் பெட்டியைப் பிரித்தார்கள். பலகைகளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. தாள்காரி போய்த் திறந்தாள்.

கட்டை குட்டையாக ஓர் அம்மாள், மூக்கின் நுனியில் கண்ணாடி. விரல் இடுக்குகளில் பித்தளைத்தூள் மினுங்கியது. பஸ்ஸில் போகும்போது கடைக்குள் குனிந்திருக்கிற தலையாக மட்டும் பார்த்த ஆள்.

"தாள்காரி நீதானே? நான் பூட்டுக்காரி" என்றார் அந்தம்மா. "ஒரு கை குறையுதுன்னு மைக்கு சொன்னார். பிடிச்சுக் கொடுத்துட்டுப் போயிடறேன். உட்காரக்கூட மாட்டேன்."

உள்ளேயிருந்து அப்பா, "நான் அப்படிச் சொல்லவே இல்லை. கட்டில் வந்திருக்குன்னு மட்டும்தான் சொன்னேன்!" என்றார்.

"கட்டில் வந்திருக்குன்னு காலையிலேர்ந்து மூணு தடவை சொன்னா அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

தாள்காரி வழி விட்டாள். தன் தாளைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டாள். நான்கு பேர் இருக்கிற அறையில் தன் எழுத்தைச் சத்தமாகப் படிக்கிறபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஒரே பக்கம். முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. "தலைப் பலகையில் இடது பக்கச் சட்டத்தை வைத்துத் திருகை இறுக்கவும்" என்று படித்தாள். வீட்டுக்காரர் இறுக்கினார். நாள் முழுக்கப் பஸ்ஸைத் திருப்புகிற கை, திருகு முனகியது. அடுத்தது படித்தாள், அடுத்ததையும் இறுக்கினார். கால் பலகை, நடுத் தாங்கி எல்லாம் கச்சிதமாக நின்றன. கடைசியில் வலது பக்கச் சட்டம் மட்டும் பாக்கி.

அது உள்ளே போகவில்லை. ஒரு முனையைப் பொருத்தினால் மறு முனையில் ஓட்டைக்கும் திருகுக்கும் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அழுத்தினார்கள், தட்டினார்கள், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள். பூட்டுக்கார அம்மா சட்டத்தைப் பார்த்து, "வாடா ராசா, அடம் பிடிக்காதே" என்றார். அது வரவில்லை. அப்பா தொண்டையைச் செருமி, "கட்டில் காலவரையின்றித் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது" என்று அறிவித்தார்.

"ஓட்டை போட்டவன் சரியில்லை. அவ்வளவுதான்" என்று வீட்டுக்காரர் நெற்றியைத் துடைத்தார்.

தாள்காரிக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை அவள் கம்பெனியில் கேட்டிருக்கிறாள். இந்தக் கட்டிலுக்கு வந்த புகார்களையெல்லாம் போன்காரர் அப்படித்தான் சொல்வார்: ஓட்டை சரியில்லை. அதற்காகத் துளை போடுகிறவரை நிற்க வைத்து முதலாளி கடிந்துகொண்டதும் நடந்தது. அந்த மனிதர், "அளவு எடுத்துப் பாருங்க ஐயா, அளவு எடுத்துப் பாருங்க" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவள் தாளைப் பார்த்தாள். அப்புறம் கட்டிலைப் பார்த்தாள். ஒவ்வொரு மூலையும் கல் மாதிரி இறுகி நின்றது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மொட்டை" என்றாள். "ஓட்டை சரியாத்தான் இருக்கு. என் தாள்தான் மொட்டை."

முதலில் எழுதியபோது அதில் ஒரு வரி இருந்தது: எல்லாத் திருகுகளும் உள்ளே போகும்வரை எதையும் முழுக்க இறுக்க வேண்டாம். பட்டறையில் சோதித்துப் பார்க்கிறவர்கள் எல்லாரும் பழக்கத்தில் லேசாகத்தான் விடுவார்கள், கடைசியில் ஒரு சுற்று வந்து இறுக்குவார்கள். அவர்களுக்கு அந்த வரி தேவைப்படவே இல்லை. ஒரே பக்கத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. இதைக்கூடவா சொல்லணும் என்று அவள் அடித்துவிட்டாள். மறுநாள் கம்பெனிக்குப் போய் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தாள். தாள் அடுத்த பக்கத்துக்கு வழிந்தது, வழியட்டும் என்றாள். முதலாளியைக் கூட்டிக்கொண்டு துளை போடுகிறவரிடம் போய், தப்பு தன்னுடையது என்று அவர் முன்னாலேயே சொன்னாள். ஆனால் அது மறுநாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை, கட்டில் பாதியில் நிற்கிறது.

"எல்லாத்தையும் தளர்த்தணும்" என்றாள். "கழட்ட வேணாம். கொஞ்சம் ஆடற மாதிரி விட்டா போதும்."

வீட்டுக்காரரும் அப்பாவும் ஒவ்வொரு திருகாகத் தளர்த்தினார்கள். வலது சட்டத்தின் ஒரு முனையைத் தாள்காரியும் மறு முனையைப் பூட்டுக்கார அம்மாவும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காத்திருக்கிற நேரம். பலகையை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எவ்வளவு நேரம்தான் இருப்பது?

"அப்பா அவரோட அந்த ஒரே பாட்டைப் பாடிக் கேட்டிருக்கீங்களா?" என்று தாள்காரி கேட்டாள். எதற்காக அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஐயோ, கேக்காம? கடைக்கு வந்த மூணாவது சாவியிலேயே பாடிட்டார். நடுவுல ஒரு இடத்துல ராகம் தண்டவாளத்தை விட்டு இறங்கிடும். 'இது தப்பு'ன்னு சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. மறுநாள் வந்து அதே தப்போட அதையே முழுசாப் பாடினார். சரி, இந்த மனுஷன் என்னை மயக்கறதுக்குப் பாடலைன்னு நிச்சயமாச்சு." அந்தம்மா கண்ணாடியை இறக்கி மேலாகப் பார்த்தார். "உங்கம்மா அந்த இடத்தைத் திருத்தப் பார்த்தாங்களாமே?"

"எத்தனையோ வருஷம் பார்த்தாங்க. முடியலை. கடைசியில அவங்களும் அதே தப்போட பாட ஆரம்பிச்சுட்டாங்க."

"அதை மைக்கு சொல்லலை!"

"அப்பாவுக்குத் தெரியாது. அவருக்கு அதுதான் சரி."

இரண்டு பேரும் சிரித்ததில் சட்டம் குலுங்கியது. அந்தக் குலுங்கலிலேயே தாள்காரியின் பக்கத்து முனை ஓட்டைக்குள் இறங்கியது. "கொஞ்சம் உங்க பக்கம் தள்ளுங்க" என்றாள். "இப்போ தூக்குங்க. இன்னும். விடுங்க." மறு முனையும் இறங்கியது. ஒருவரும் அழுத்தவில்லை, தட்டவில்லை. வீட்டுக்காரர் ஒவ்வொரு மூலையாகச் சுற்றிவந்து இறுக்கினார். அப்பா கட்டிலை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. மெத்தையைத் தூக்கிப் போட்டார்கள்.

பூட்டுக்கார அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி, வேலை முடிஞ்சுது. நான் கிளம்பறேன். கடை திறந்து கிடக்கு" என்றார். தரையில் குந்தியதோடு சரி, சொன்னபடி ஒருதரம்கூட நாற்காலியில் உட்காரவில்லை. அப்பா மிஞ்சிய திருகாணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்பது போல் ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். வீட்டுக்காரரும் அட்டைப் பெட்டியை மடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

தாள்காரி மேசையிலிருந்த படுக்கை விளக்கைக் கையில் எடுத்தாள். அதன் ஒயரைச் சுற்றினாள், பிரித்தாள். மனசுக்குள் இருந்தவையெல்லாம் அங்கேயேதான் இருந்தன. அம்மா இருந்தாள், நிம்மதி இருந்தது, ஒரு மூலையில் வலியும் இருந்தது. எல்லாம் கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் இருந்தன. ஆடட்டும் என்று தோன்றியது.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போங்க" என்றாள். "இந்த விளக்கை எங்க வைக்கறது? நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?"

  பூட்டைக்கூடத் திட்டுகிற அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். அப்பாவின் கையிலிருந்த திருகாணிப் பை சரிந்து, எல்லாம் தரையில் உருண்டன.

"மனசோடதான் கேக்கறியா?"

"மனசோடதான் கேக்கறேன். எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா மனசோடதான்."

அந்தம்மா கட்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பெரிய முடிவு எடுக்கிறவர் மாதிரி நேரம் எடுத்துக்கொண்டார்.

"சன்னல் பக்கம்" என்றார்.

"சன்னல் பக்கமா?" அப்பா தலையைத் தூக்கினார். "அது என்னோடதாச்சே! இத்தனை வருஷமா நான் அங்கதான் படுக்கறேன்."

"எனக்குக் காத்து வேணும், மைக்கு."

"எனக்கும்தான் வேணும்!"

"உங்களுக்கு எதுக்கு? உள்ளுக்குள்ளேயே அவ்வளவு காத்து வெச்சிருக்கீங்க."

வீட்டுக்காரர் அட்டைப் பெட்டிக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மாமா, விட்டுக் கொடுத்துடுங்க, இது உங்களால ஜெயிக்க முடியாது" என்றார். அவர் விட்டுக் கொடுப்பதாக இல்லை. தாள்காரி விளக்கைச் சன்னல் பக்கம் வைத்து, சுவரில் சொருகி, எரிகிறதா என்று போட்டுப் பார்த்தாள். எரிந்தது. பிறகு முட்டி போட்டு, கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். மேலே சன்னல் யாருக்கு என்கிற சண்டை தீர்கிற வழியாகத் தெரியவில்லை.